என் முற்றத்தில் நின்ற பஸ்

புதிதாகக் காணி வாங்கியவனிடம் யாரும் நியாயம் பேசக் கூடாது. காதில் ஏறாது. எனக்கு ஏறவில்லை. அதனால்தான் ஒரு திங்கட்கிழமை காலையில் எட்டடி உயரப் போர்டைத் தோளில் சுமந்துகொண்டு தலவாக்கலை ரோட்டில் ஊர்வலம் போனேன்.

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. தலவாக்கலையில் தையற்கடை வைத்திருந்தேன். டவுனுக்கு ஒன்றரை மைல் இப்பால், டயகம ரோட்டோரத்தில், பத்துப் பேர்ச்சஸ் காணியும் தகரக் கூரை வீடும் வாங்கினேன். எங்கள் பரம்பரையின் முதல் சொந்த வீடு. என் அப்பா முப்பது வருஷம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், ஒரே காம்பராவில் வாழ்ந்தவர். கங்காணி நினைத்த நேரம் கதவைத் தட்டுவார். தோட்டத் துரை நினைத்தால் காம்பராவையே மாற்றுவார். அதனால் எனக்கு வீட்டைவிட முற்றம்தான் பெரிது. நான் சொல்லாமல் யாரும் கால் வைக்க முடியாத இடம்! அதில் டேலியா நட்டு, தினமும் இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டு நிற்பேன். (செடிகளுக்கே கூச்சமாக இருந்திருக்கும்.)

மூன்றாவது மாதம் ஒரு நாள் கடையிலிருந்து வந்தால், டேலியாவுக்கு நடுவில் ஓர் இரும்புக் கம்பம். உச்சியில், பஸ் நிற்கும் இடமென்று காட்டும் ஹோல்ட் போர்டு. அடியில் ஏழெட்டுப் பேர். ஓர் அம்மா என் படிக்கட்டில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"யாரு நடச் சொன்னது?" என்று மனைவி பாக்கியத்திடம் கத்தினேன்.

"ரோட்டுக் கந்தோர் ஆளுங்க நட்டுட்டுப் போனாங்க. குடிக்கத் தண்ணி கேட்டாங்க, குடுத்தேன்."

"தண்ணி வேற குடுத்தியா!"

"நல்லதுதானேங்க? நாலு பேரு மொகத்தப் பாக்கலாம்."

நாலு பேர் முகம் அல்ல, ஒரு வாரத்தில் தோட்டத்துச் சனமே எங்கள் ஜன்னலில் எட்டிப் பார்த்தது. "அக்கா, கருவாடு தீயுது!" என்று பஸ்ஸுக்கு நிற்பவர்கள் உள்ளே குரல் கொடுத்தார்கள்.

சைக்கிளில் வந்த ரோட்டு ஓவர்சியரை மறித்தேன். சிங்களவர், நன்றாகத் தமிழ் பேசுவார்.

"டெய்லர் மாஸ்டர், காணி உங்களுதுதான். ஆனா ரோட்டோரம் ஆறடியில போர்டு நட, தண்ணி ஓடக் கான் வெட்ட எங்களுக்கு உரிமை இருக்கு. காணி உறுதிப் பத்திரத்த வாசிச்சுப் பாருங்க."

"என் உறுதி எனக்குத் தெரியாதா?" என்றேன். (தெரியாது. அது இங்கிலீஷில் இருந்தது. அதை எழுதிய நொத்தாரிசு விளக்கியபோது நான் டேலியாவை எங்கே நடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.)

அந்தத் திங்கட்கிழமை அலவாங்கால் கம்பத்தைப் பெயர்த்தேன். உறுதியைச் சட்டைப்பையில் செருகினேன். போர்டை டவுனில் ரோட்டு அதிகாரிகள் இருக்கும் கந்தோரிலேயே வீசிவிட்டு வருவதாகப் பாக்கியத்திடம் சபதம் செய்துவிட்டு நடந்தேன்.

நூறு யார் போவதற்குள் பின்னால் பிரேக் சத்தம். டயகம பஸ் என் பக்கத்தில் நின்றது.

"ஏறுங்க, ஏறுங்க!" என்றார் கண்டக்டர்.

"நான் ஏற வரல. போங்க!"

"அப்ப ஏன் போர்டப் புடிச்சிக்கிட்டு நிக்கிறீங்க?"

இதற்குள் ஹோல்ட் வந்துவிட்டதென்று மூன்று பேர் இறங்கிவிட்டார்கள். திரும்பிப் பார்த்தால், என் முற்றத்தில் நின்ற கூட்டம் முழுக்க என் பின்னால் வருகிறது. முன்னால் அந்த வெற்றிலை அம்மா.

"நீங்க எதுக்கு வர்றீங்க?"

"போர்டு நிக்கிற எடத்துலதானே தம்பி பஸ்ஸு நிக்கும்?"

அடுத்த பஸ்ஸும் எனக்காக நின்றது. டவுனை அடைந்தபோது என் பின்னால் பதினெட்டுப் பேர். கந்தோர் காவலாளி எங்களைப் பார்த்ததும் ஸ்ட்ரைக் என்று நினைத்து கேட்டை இழுத்து மூடினான். கந்தோரின் பெரிய ஐயா ஜன்னல் வழியாக, "என்ன கோரிக்கை?" என்று கேட்டார்.

"பஸ்ஸு எங்க நிக்கும்னு சொல்லுங்க, போயிடுறோம்" என்றார் அம்மா.

நான் நெஞ்சை நிமிர்த்தி உறுதியை நீட்டினேன். அவர் எழுத்தரை அழைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி தமிழில் சொல்லச் சொன்னார். ரோட்டு விளிம்பிலிருந்து ஆறடி பொதுப் பாவனைக்குக் கட்டுப்பட்டது. சொந்தக்காரர் தடை செய்யக் கூடாது.

"கீழே இருக்கிறது உங்க கையெழுத்தா?"

என்னுடையதுதான். சந்தோஷத்தில் கால் பக்கத்துக்குப் போட்டிருந்தேன்.

"அப்ப எடுத்த எடத்துலயே நட்டுடுங்க. பதினொரு மணி பஸ்ஸுக்கு முன்னாடி."

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "விடுங்க தம்பி, ஆறடி போனாப் போவுது. மிச்சம் ஒங்களுதுதானே" என்றார் அம்மா.

"அந்த ஆறடியும் என்னுதுதான்!" என்று கத்தினேன். கங்காணி தட்டிய லயத்துக் கதவு ஞாபகம் வந்துவிட்டது.

திரும்பும்போது பஸ் நின்று, போர்டையும் ஏற்றிக்கொள்வதாகக் கண்டக்டர் சொன்னார். மறுத்துவிட்டேன். தோள் தோலுரிய நடந்தேன். பாக்கியம் கம்பத்தைப் பிடிக்க, நானே குழியில் நிறுத்தி மண்ணை மிதித்தேன்.

ஆனால் நான் தோற்கவில்லை. மறுநாளே ஆறடிக்கு உட்பக்கம் ஒரு பெஞ்சு போட்டு, பலகையில் எழுதி மாட்டினேன்: "அங்கே நிற்பது ரோட்டின் உரிமை. இங்கே உட்காருவது என் அனுமதி." எழுதப் படிக்கத் தெரியாத வெற்றிலை அம்மா, என்ன எழுதியிருக்கிறது என்று பாக்கியத்திடம் கேட்டார்.

"உக்காருங்கன்னு எழுதியிருக்காரு" என்றாள் அவள்.

அந்த வாரமே கண்டக்டர்கள் எங்கள் ஹோல்டுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். "போர்டுதூக்கி! போர்டுதூக்கி எறங்கு!" பின்னாளில் மகள் கல்யாணப் பத்திரிகையில்கூட, "போர்டுதூக்கி ஹோல்டில் இறங்கவும்" என்று எனக்குத் தெரியாமல் பாக்கியம் அச்சடித்துவிட்டாள். பேரப்பிள்ளைகள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் டிக்கெட் கேட்கிறார்கள்.

நான் கேட்பதில்லை. மழையானாலும் பனியானாலும் அடுத்த ஹோல்டுக்கு டிக்கெட் எடுத்து, அங்கே இறங்கி, திரும்பி நடந்துதான் இன்றுவரை என் வீட்டுக்குப் போகிறேன்.