சாக்குகளும் ஒரு கொடுவா மீனும்

இந்த ஞாயிறு என்ன ஆனாலும் சமையலறைக்குப் பெயிண்ட் அடிப்பதில்லை என்று சனிக்கிழமையே சபதம் எடுத்துவிட்டேன். மனசுக்குள்தான். வாய்விட்டுச் சபதம் எடுக்கிற துணிச்சல் கல்யாணத்தன்றே போய்விட்டது.

வாரத்தில் ஆறு நாள் தராசு ரிப்பேர் செய்கிறவன் நான். ஏழாம் நாள் தூண்டிலும் கையுமாக முகத்துவாரத்துப் பாறையில் உட்கார்ந்திருப்பேன். மழை விட்டு நாலு நாள் ஆகிறது. கொடுவா மீன் கரையோரம் வருகிற சமயம். முழங்கை நீளத்துக்கு ஒன்றைப் பிடித்துவந்து என் மனைவி முன்னால் பொத்தென்று போடவேண்டும். ஒரு வருஷமாக எனக்கு வேறு ஆசையே கிடையாது.

காலையில் பூனைபோல நடந்து வாசலுக்கு வந்தேன். அங்கே அவள் நின்றாள். கையில் பிரஷ்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"சும்மா... கடல் பக்கம்."

"இப்பவா? தண்ணி வத்துற நேரமாச்சே!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உனக்கு யாரு சொன்னா?"

"பக்கத்து வீட்டுப் படகுக்காரர். தண்ணி வத்தும்போது ஒரு மீனும் கடிக்காதுன்னு போன மாசம் வெறுங்கையோட வந்து நீங்கதானே சொன்னீங்க?"

"அது... சில சமயம் கடிக்கும்."

"மழைத்தண்ணி கலந்து ஒரே கலங்கலாவும் கிடக்காம். கலங்கல்ல மீனுக்குக் கண்ணே தெரியாதுன்னு சொன்னது யாரு?"

"நான்தான்."

"காத்து வேற கரையைப் பாத்து அடிக்குது. அப்படி அடிச்சா..."

"போதும்மா!"

அவள் விடவில்லை. காலண்டரைக் கொண்டுவந்து நீட்டினாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்திலும் அன்றைக்கு நான் சொன்ன சாக்கு, குண்டு குண்டான அவள் கையெழுத்தில்.

என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மீன் கடிக்கும் என்று சொன்னால், இத்தனை நாளும் எனக்குத்தான் பிடிக்கத் தெரியவில்லை என்றாகிவிடும். கடிக்காது என்று சொன்னால் பெயிண்ட். மீனா, மானமா? பிரஷ்ஷை வாங்கிக்கொண்டேன்.

"தூண்டில் சும்மாதானே இருக்கு, நான் போய்ப் போட்டுப் பாக்கறேன்," என்றாள்.

"தாராளமா போ. தொப்பி எடுத்துக்க," என்றேன். வெயிலில் காய்ந்து வரட்டும், அப்போதுதான் என் கஷ்டம் புரியும் என்று உள்ளுக்குள் ஒரே குஷி.

மத்தியானம். நான் ஏணி மேல். புருவம்வரை மஞ்சள் பெயிண்ட். அவள் உள்ளே வந்து பாத்திரத் தொட்டியில் ஒன்றைப் பொத்தென்று போட்டாள். கொடுவா! முழங்கை நீளமா? வால் தொட்டிக்கு வெளியே தொங்கியது.

வயிறு பற்றி எரிந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அதை மட்டும் காட்டிக்கொள்ளவில்லை.

"வத்துற தண்ணி, கலங்கல், காத்து... இதுல எப்படிக் கடிச்சுது?"

"நீங்க சொன்னதெல்லாம் பாவம், அந்த மீனுக்குத் தெரியாது போலிருக்குங்க."

ஏணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவள் சுவரை ஒரு சுற்றுப் பார்த்தாள். திருப்திதான்.

"ஆமா, அடுத்த ஞாயிறு தண்ணி எப்பங்க ஏறும்?"

பரவாயில்லை, அவள் மனசு இளகிவிட்டது! "எட்டு மணிக்கு! அருமையான நேரம்!" என்றேன்.

"அப்ப நான் ஏழரைக்கே கிளம்பிடறேன். நீங்க ஹாலை ஆரம்பிச்சிடுங்க."