கெட்டியாவதற்குள் குடிக்கணும்

சேர்வராயன் மலையிலேயே வழவழ பாய் கையால் ஒரு சொட்டுகூடக் குடிக்காத ஒரே ஆம்பளை நான்தான்.

பச்சைப் பொய். தினமும் தவறாமல் குடித்தவன் நான் ஒருத்தன்தான். அதுவும் ஒளிந்து நின்று.

ஏற்காடு ஒண்டிக்கடை ஸ்டாண்டில் நான் ஜீப் ஓட்டுகிறேன். சுற்றிப் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு கிளியூர் அருவிப் பக்கம் போய்த் திரும்புவேன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். பள்ளிக்கூடமும் என்னைத் தேடி ஆள் அனுப்பவில்லை. என்னிடம் இருந்த ஒரே சரக்கு வாய்.

ஜீப் ஸ்டாண்டுக்கு எதிரே பாயின் தள்ளுவண்டி. சேலத்திலிருந்து வந்தவர். சொந்தப் பேர் யாருக்கும் தெரியாது. ஊறி உப்பிய பாதாம் பிசின், சப்ஜா விதை, வெந்தயம், சோற்றுக்கற்றாழை என்று கையில் வழுக்குகிற சாமான் எல்லாம் அந்த வண்டியில் இருக்கும். வழுக்காத எதையும் மனுஷன் மதிக்க மாட்டார். மண்டையில் இருந்தது நாலே முடி. அதற்கும் செம்பருத்தி இலையைக் கசக்கிக் கொழகொழவென்று தடவிக்கொள்வார். வெண்டைக்காயை வழவழப்புப் போக வதக்கினதாக யாராவது சொல்லிவிட்டால் கண் கலங்கிவிடும். “உசுர ஓட்டிப்புட்டு சக்கையத் தின்னிருக்கீங்களே, சாமி! ஜீப்புக்குக் கிரீஸ் போடறீங்கல்ல? கொடலுக்கு யாருங்க போடறது?”

இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, முகம் வெளிறி பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்களை மடக்கி, எலுமிச்சை பிழிந்த சப்ஜா தண்ணீரை நீட்டுவார். சும்மா நீட்ட மாட்டார். கலெக்டரே வந்தாலும் ஒரே கேள்வி, ஒரே சத்தம்.

“ஏனுங்க, காலைல போச்சுங்களா?”

புதுப்பெண்டாட்டியோடு இறங்கிய மாப்பிள்ளை ஒருத்தர் நெளிந்தார். பாய் விடவில்லை. “வெக்கம் எதுக்குங்க? அதையும் சேத்து அடக்குனா வயிறு எத்தனையத்தான் தாங்கும்?”

இப்படி ஒரு ஆள் எதிரே நின்றால் என் வாய் சும்மா இருக்குமா? ஜீப்பில் ஏறினவர்களிடம் கை காட்டுவேன். “அதோ பாருங்க, சளி சர்பத்! பாய் காலைல ஒருக்கா தும்முவாரு, பொழுது சாயற வரைக்கும் ஊத்துவாரு!” ஜீப்பே குலுங்கும். சிரித்தவர்கள் ஒருத்தரும் பாயிடம் போகவில்லை. மற்ற டிரைவர்களும் அதையே சொல்ல ஆரம்பித்தார்கள்.

ஆனால் நாள் முழுக்கச் சீட்டில் உட்கார்ந்த புண்ணியத்தில், பாய் தயவு இல்லாவிட்டால் எனக்கு மூன்று நாளைக்கு ஒருமுறைதான் விடிவு. ஸ்டாண்டில் ஆள் சேருவதற்கு முன்னால் தள்ளுவண்டிக்குப் பின்புறம் போய்ப் பதுங்குவேன். வயிற்றை இளக்குகிற இசப்கோல் உமியைப் பாய் தண்ணீரில் கலக்கித் தருவார்.

“பத்து எண்றதுக்குள்ள குடிச்சிரோணும் தம்பி. உட்டா கெட்டியாகிரும். பின்னாலயே இன்னொரு டம்ளர் தண்ணி, மறந்துராதீங்க.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் என் ஜீப்பில் வந்து சிரித்த குடும்பம், என்னைத் தேடிக்கொண்டு சீக்கிரமே வந்து, தள்ளுவண்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டது. என் கையில் டம்ளர்.

“என்ன டிரைவர், சளின்னு சொல்லிட்டு நீங்களே குடிக்கிறீங்க?”

பாய் முந்திக்கொண்டார். “அவரு எங்கீங்க இதையெல்லாம் குடிக்கறாரு? எனக்குக் கை வலின்னு டம்ளர் கழுவிக் குடுக்க வந்தாருங்க.”

ஆமாம் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். “சளி பாய்க்கு என்னை விட்டா யாரு இருக்கா?” என்றும் சேர்த்துக்கொண்டேன். அவர்கள் சிரித்தார்கள். பாயும் சிரித்தார். கழுவுகிற பாவனையில் டம்ளரைக் கவிழ்த்தேன். உள்ளே இருந்தது கெட்டியாகி, விழ மாட்டேன் என்றது. ஊரையே நிறுத்திக் கேட்கிற அந்தக் கேள்வியை நாலு பேர் முன்னால் என்னிடம் மட்டும் அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அப்போதுதான் அது உறைத்தது.

அந்த வாரமே பாய் பாட்டில்களை அட்டைப்பெட்டியில் அடுக்கினார்.

“நொம்ப நாளா ஏவாரமே இல்லீங்க தம்பி. நாளைக்கு சேலத்துக்கே போயிரலாம்னு இருக்கறேன்.”

என்னைக் குறை சொல்லி ஒரு வார்த்தை இல்லை. ஒரே ஒரு டம்ளர் மட்டும் பெட்டிக்கு வெளியே இருந்தது.

“அது?”

“காலைல உங்களுக்கு வேணுமில்லீங்களா?”

மறுநாள் காலையில் ஜீப் நிறைய ஆளை ஏற்றி, நேராகத் தள்ளுவண்டி முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, ஹாரனை அமுக்கிப் பிடித்தேன். ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது.

“பாய்! நீங்க கலக்கித் தரலீன்னா எனக்கு மூணு நாளானாலும் போகாதுங்க! தெனமும் உங்ககிட்டத்தான் திருட்டுத்தனமாக் குடிக்கறேன்!”

“அடப்பாவி! அப்ப சளின்னு சொன்னது?” என்று ஸ்டாண்டிலிருந்து ஒரு டிரைவர் கத்தினார்.

“வாய்க்கொழுப்புங்க!”

எல்லோரும் சிரித்தார்கள், இந்தத் தடவை என்னைப் பார்த்து. ஜீப்பிலிருந்து ரெண்டு பேர் இறங்கிப் போய் சப்ஜா கேட்டார்கள். பாய் பெட்டியைப் பிரித்தார்.

அதற்கப்புறம் அவர் சேலம் போகவில்லை. எனக்கு ஸ்டாண்டில் ‘மூணு நாளு’ என்று பேர் விழுந்ததுதான் மிச்சம். ஆனால் ஊர் கேட்கக் கத்தினவனுக்கு, அந்த ஒரு ஆளிடம் மெதுவாகச் சொல்ல வேண்டிய வார்த்தை மட்டும் இன்னும் வாயில் வரவில்லை. அதனால்தான் ஸ்டாண்டில் உட்கார்ந்து எழுதிப் பார்க்கிறேன். பாய், நான் சொல்ல வந்தது என்னவென்றால், அன்றைக்கு நான்...

“ஏனுங்க மூணு நாளு! காலைல போச்சுங்களா? கலக்கிப்புட்டேன், ஓடியாங்க!”

எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். பத்து எண்ணுவதற்குள் போகணும். டம்ளர் எனக்காகக் காத்திருக்காது. பாய் காத்திருப்பார். அதனால்தான் ஓடுகிறேன்.