இந்த வருஷ விறகு என் உபயம்

சாஆ, ஜொகூர்.

மரியாதைக்குரிய மச்சான் ஹேமநாதன் அவர்களுக்கு, அய்யாவு வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் தங்கை புஷ்பவள்ளியும் நலம். மெர்சிங்கில் உங்கள் அனைவரின் நலத்தையும், உங்கள் பேட்டரி ரம்பத்தின் நலத்தையும் அறிய ஆவல். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் நடுவில் சிரிக்கிறீர்கள்.

விஷயம் கோயில் திருவிழா. போன வருடம் அன்னதானத்துக்கு நீங்கள் லாரி நிறைய விறகு அறுத்துக் கொண்டுவந்தீர்கள், சந்தோஷம். அதற்காகப் பூசை தொடங்கிப் பந்தி முடியும்வரை, "விறகு உபயம், மெர்சிங் ஹேமநாதன் குடும்பத்தினர்" என்று மைக்கில் ஓயாமல் சொன்னார்களே, அதைக் கேட்டபடி பந்தியில் ரசம் ஊற்றியவன் நான். கேட்ட எரிச்சலில் ஒருவர் வேட்டியிலேயே ஊற்றிவிட்டேன். உள்ளூரில் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது மெர்சிங்கிலிருந்தா விறகு வரணும்? இந்த வருடம் விறகு என் பொறுப்பு என்று கோயில் தலைவர் ரூபேந்திரனிடம் சொல்லிவிட்டேன். தோட்டத்தில் சாய்த்த பழைய ரப்பர் மரங்களைக் கேட்டு வாங்கி, கோயிலுக்குப் பின்னால் இறக்கியும் ஆயிற்று. மைக்கில் என் பெயர் வர வேண்டும், அவ்வளவுதான்.

இனி ரம்பம். யோங் பெங்கில் ஹார்ட்வேர் கடை முதலாளி, அந்தச் சீனத் தவுக்கே, மூன்று செயின்சாவை எடுத்து மேசைமேல் வைத்தார். முதலாவது கரண்டில் ஓடுவது. சத்தம் குறைவு, ஆனால் வயர் மடப்பள்ளியிலிருந்து விறகு கிடக்கும் இடம்வரை எட்டாது. எட்டினாலும் முதலில் அறுபடுவது வயராகத்தான் இருக்கும். இரண்டாவது பேட்டரி, உங்களுடையது மாதிரி. தப்பா நினைக்காதீங்க மச்சான், கறிவேப்பிலைக் கிளை வெட்ட அருமையான சாமான். மூன்றாவது பெட்ரோல். தூக்கியதும் என் தோள் ஒரு பக்கம் இறங்கிச்சு பாருங்க, அப்பவே முடிவு பண்ணிட்டேன். "அங்கிள், பதினாறு இஞ்ச் போதும் லா, இருபது பாரம்" என்றார் தவுக்கே. உங்களுடையது பன்னிரண்டு இஞ்ச். நான் இருபதே எடுத்தேன். "செயின் மாட்டித் தரவா?" என்றும் கேட்டார். ஆயுசு முழுக்க ஃபேக்டரி ஸ்டோர் பார்த்தவனுக்கு ஒரு செயின் மாட்டத் தெரியாதா? வேணாம்னுட்டேன்.

வீட்டில் புஷ்பவள்ளி மெஷினுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து மாலையும் போட்டாள். "எலுமிச்சம்பழத்த எங்கங்க வைக்கிறது, இதுக்கு டயரே இல்லையே?" என்று கேட்டாள். செயினுக்கு அடியில் வைக்கச் சொல்லி ஓட்டிக் காட்டினேன். பழம் அறுபடாமல் நசுங்கி, வேலி தாண்டிப் பக்கத்து வீட்டில் விழுந்தது. நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன்.

கோயிலில் வேலை ஜோராக நடக்கிறது. மற்றவர்கள் ரம்பத்தில் மரத்தூள் பறந்து கண்ணில் விழும். என்னுடையதில் தூளே கிடையாது, அவ்வளவு சுத்தம். புகை மட்டும் கொஞ்சம் வரும். அறுத்த இடம் கறுத்து, தேய்த்த பலகை மாதிரி பளபளக்கிறது. ஒரு கட்டைக்கு ஒரு காலைப்பொழுது போகிறது, உண்மைதான். தரமான வேலைக்கு நேரம் ஆகாதா? ரூபேந்திரன் வந்து பார்த்துவிட்டு, "அலமாக்! அண்ணே, விறக அறுக்கிறீங்களா, இப்பவே எரிக்கிறீங்களா?" என்று கேட்டார். பொறாமை லா, வேறென்ன.

ஆகவே மச்சான், குடும்பத்தோடு கையை வீசிக்கொண்டு வாருங்கள். ரம்பம் கிம்பம் எதையும் தூக்கிக்கிட்டு வராதீங்க. மைக்கில் என் பேரு வர்றப்ப முன்வரிசையில உக்காந்து கேளுங்க, போதும். செல்வராணி அக்காவுக்கு வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு ஆசி. அம்மன் அருளால் உங்கள் பேட்டரியில் என்றும் சார்ஜ் நிற்கட்டும்.

இப்படிக்கு,
இருபது இஞ்சுக்குச் சொந்தக்காரன்,
அய்யாவு.

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது புஷ்பவள்ளி ரம்பம் வந்த பெட்டியைப் பார்த்து, "ஏங்க, படத்துல பல்லெல்லாம் முன்னாடி பாக்குது, உங்களுதுல பின்னாடி பாக்குதே" என்றாள். திருப்பி மாட்டினேன். ஐயோ மச்சான், அப்புறம் பாக்கணுமே! வாழைத்தண்டு மாதிரி அறுபடுது, தூள் மழையாக் கொட்டுது. அந்த வேகத்தில் மொத்தக் குவியலையும் துண்டு போட்டுவிட்டேன். ஓரமாகக் கிடந்த நல்ல நேரான, வழவழப்பான மரத்தையும் விடவில்லை. அது ஸ்பீக்கர் கட்ட நடுவதற்காக வாங்கிப் போட்டிருந்த தூணாம். ஸ்பீக்கர் மேலே ஏறாவிட்டால் மைக்கில் சொல்வது கோயில் வாசலைத் தாண்டாதாம். உங்கள் படகுத்துறைப் பக்கம் அப்படி ஒரு மரம் கிடைக்கும். தயவுசெய்து லாரியில் ஒன்று ஏற்றி வாருங்கள். தூண் கொடுக்கிறவர் பெயரைத்தான் முதலில், அதுவும் அடிக்கடி, சொல்வோம் என்று ரூபேந்திரன் கறாராகச் சொல்லிவிட்டார். கொஞ்சம் மெதுவாகச் சொல்லச் சொல்லுங்கள் மச்சான், இந்த வருஷமும் ரசம் நான்தான்.