மறதி ஆற்றில் ஒரு வால்வு

உலக நாகரிகத்துக்குத் திருப்பூர் அளித்த மாபெரும் கொடை பனியன் அல்ல. எந்த ஆற்றைப் பார்த்தாலும் 'இதில் எதைத் திறந்துவிடலாம்?' என்று யோசிக்கும் தொலைநோக்கு. அந்தத் தொலைநோக்கின் சிகரம், சாயப்பட்டறை முதலாளி மருதாசலம். மாரடைப்பில் காலமான பிறகும் அது அவரைவிட்டுப் பிரியவில்லை.

எமலோகத்தில் இடநெருக்கடி. ஆகவே பனியன் ஏற்றுமதித் தொழில் ஆவிகளை, வேலையை வெளியே பிரித்துக் கொடுக்கும் 'ஜாப் ஒர்க்' முறையில் கிரேக்கப் பாதாளத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே லீத்தி என்றொரு நதி. செத்தவர்கள் அதில் ஒரு குவளை குடித்தால் பூலோகத்தில் நடந்ததெல்லாம் மறந்துபோகும்.

மருதாசலத்துக்குப் பரம நிம்மதி. அவர் மறக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கழிவுத் தொட்டிக்குள் இறங்கமாட்டேன் என்ற சோணைமுத்துவை அவர்தான் அதட்டி இறக்கினார். பிணம் மேலே வந்ததும் அவன் மனைவி ராமுத்தாயிடம், "அவனாத்தானம்மா எறங்குனான்" என்றார். அன்றிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை.

வரிசையில் பார்த்தால், பத்து ஆள் முன்னால் அதே சோணைமுத்து! மருதாசலம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவனும் குடிப்பான், இவரும் குடிப்பார், விவகாரம் தீர்ந்தது.

ஆனால் வரிசை நகர்ந்தால்தானே? உழைத்த உடம்பு சும்மா இருக்குமா? பாதாள அரசர் ஹேடிஸிடம் போய் நின்றார்.

"ஏனுங்க சாமி, எல்லாரும் வெள்ளைத் துணியில நின்னா ஒரு சோகமே தெரியலீங்களே? கருப்புச் சாயம் போட்டுத் தர்றனுங்க."

"கழிவுநீர்?"

"ஜீரோ டிஸ்சார்ஜுங்க. சொட்டு வெளிய போகாதுங்க."

அரசர் மனம் நெகிழ்ந்து அனுமதி வழங்கினார். பட்டறை ஓடியது. ஒருநாள் பாதாளத்தில் நல்ல மழை. நதி நுரைத்துப் புரண்டது. மழைத் தண்ணீர் ஓடும்போது சாயக்கழிவு வால்வைத் திறந்தால் யாருக்கும் தெரியாது என்பது அவர் கடைப்பிடித்த 'தொழில்தர்மம்'. கை தானாகப் போயிற்று.

மழை விட்டது. வேலையும் முடிந்தது. அவர் வரிசைக்குத் திரும்பியபோது சோணைமுத்துவின் முறை வந்திருந்தது. அதிகாரி குவளையில் மொண்டார். கன்னங்கரேலென்று இருந்தது. முகர்ந்தார், முகத்தைச் சுளித்துக் கீழே கொட்டினார்.

"நதி மூடப்படுகிறது. இனி யாருக்கும் மறதி வழங்கப்படமாட்டாது."

மருதாசலம் பதறி ஓடினார். "ஏனுங்க, எனக்கு மட்டும் ஒரு வாய் குடுங்க! கருப்பா இருந்தாலும் பரவால்லீங்க!"

குரல் கேட்டுச் சோணைமுத்து திரும்பினான்.

"மொதலாளி, நீங்களா? 'உள்ள வெசவாடை அடிக்குது, எறங்குனா செத்துருவேன்'னு கும்பிட்டுச் சொன்னேனே, ஞாபகமிருக்கா? சரி, அத விடுங்க. எம்பொண்டாட்டிகிட்ட என்ன சொன்னீக?"