இருபத்து மூன்று கேள்விகளும் ஒரு நாய்க்குட்டியும்

எனக்கு முடிவெடுக்கத் தெரியாது. இதை ஒப்புக்கொள்ள இப்போது வெட்கமில்லை. சேர்ட் வாங்கப் போனால் மூன்றாவது கடை வாசலில் நின்றுகொண்டு முதல் கடையை நினைப்பவன் நான். இப்படிப்பட்டவனிடம்தான் மாமி ஒரு நாய்க்குட்டியைத் தெரிவு செய்யும் பொறுப்பைத் தந்தார்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி நான்கு மாதம். எங்கள் பக்கத்து வழக்கப்படி மனைவி வதனியின் சீதன வீட்டுக்கு, நல்லூருக்குக் குடிவந்திருந்தேன். வதனியின் அம்மா, மாமியும் எங்களோடுதான். ரியூஷனில் கணிதம் படிப்பிக்கிறவன் என்று எனக்கு நல்ல மரியாதை. ஆனால் வேலை ஒன்றும் தரமாட்டார்கள். தண்ணீர் மோட்டரைப் போடுவதுகூட மாமிதான். நல்லூர்த் திருவிழா தொடங்கினால் எல்லோரும் கோயிலில் நிற்போம், வீடு தனியே கிடக்கும், கள்ளர் பயம், ஒரு நாய் வேண்டும் என்று பேச்சு வந்தது. "தம்பி, நீங்களே பாத்து ஒண்டைக் கொண்டு வாங்கோ" என்றார் மாமி. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இந்த வீட்டில் நானும் ஒரு ஆள் என்று காட்டுவதற்குக் கிடைத்த முதல் சந்தர்ப்பம் அது.

திருவிழாக் கொடியேற்றத்துக்கு ஒன்றரை மாதம், ஆறு கிழமை இருந்தது. ஆறு கிழமையும் யோசித்தேன். அல்சேஷனா, ஊர் நாயா? ஆணா, பெண்ணா? மருதனார்மடத்தில் ஒரு குட்டியைப் பார்த்தேன், காது தொங்கியது, வேண்டாமென்று வந்தேன். படுத்தால் நித்திரை இல்லை. காது தொங்கினால்தான் என்ன என்று அடுத்த நாள் ஓடினேன், குட்டியை யாரோ கொண்டுபோய்விட்டார்கள். (அந்தக் காதுக்காக நான் இன்னும் கவலைப்படுகிறேன்.) நாய் வளர்ப்பு வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் நூறு புள்ளிக்கு ஒரு பரீட்சைத் திட்டமே தயாரித்தேன். அது தயாரானபோது கொடி ஏறி இரண்டு நாளாகியிருந்தது.

என்னிடம் படிக்கும் பிள்ளை ஒன்றின் தகப்பன் அந்தோனி அண்ணை. குருநகரில் கடலுக்குப் போகிறவர். அவர் வீட்டு நாய் நான்கு குட்டி போட்டிருந்தது. நான் கேள்விகள் எழுதிய கொப்பியோடு போனேன். இருபத்து மூன்று கேள்வி கேட்டேன். தாய் கடிக்குமா, தகப்பன் யார், பூச்சி மருந்து கொடுத்தாயிற்றா, இடி முழக்கத்துக்குப் பயப்படுமா என்றெல்லாம். அவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே பொறுமையாகப் பதில் சொன்னார். இடையில், வழியில் இருந்த மீன் கூடையைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொன்னார். வைத்தேன்.

பிறகு பரீட்சை. கையைத் தட்டினேன். ஒரு குட்டி கொட்டாவி விட்டது. ஒன்று ஓடியே போனது. இன்னொன்று என் செருப்பைக் கடித்தது. நான்காவது நேரே வந்து என் கையை நக்கி, உள்ளங்கைக்குள் முகத்தைப் புதைத்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் குணத்தை அறிந்துகொண்ட முதல் ஜீவன் என்று நினைத்தேன். தொண்ணூற்றிரண்டு புள்ளி.

"இப்பவே கொண்டு போகப் போறியளோ, மாஸ்ரர்? திருவிழா முடிய வாங்கோவன்" என்றார் அந்தோனி அண்ணை. இன்னும் மூன்று கிழமை கிடந்தால் என் மனம் முப்பது தரம் மாறிவிடும். மறுத்துவிட்டேன்.

ஜிம்மி என்று பெயர் வைத்தோம். சோறும் பருப்பும் வைத்தோம். மணந்து பார்த்துவிட்டுப் போனான். இடியப்பமும் சொதியும், பால், பிட்டு, ஒன்றும் வேண்டாம். கழுவிய என் கையைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாம் நாள் எழும்பாமல் கிடந்தான். எனக்குப் பயம் பிடித்துவிட்டது. மரியாதை போனால் போகட்டும், இந்தக் குட்டி செத்துவிடக்கூடாது என்று தவித்து அந்தோனி அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"சூடை மீன் அவிச்சுச் சோத்தோடை பிசைஞ்சு வைப்பம். வேறை ஒண்டும் தின்னாது" என்றார்.

மீன் கூடையைத் தொட்ட என் கை நினைவுக்கு வந்தது. முதலே சொல்லியிருக்கலாமே என்று கோபித்தேன்.

"இருபத்திமூண்டு கேள்வி கேட்டியள் மாஸ்ரர். என்ன தின்னும் எண்டதை மட்டும் கேக்கேல்லை."

மாமியின் வீட்டில் கொடி ஏறினால் இருபத்தைந்து நாளும் மச்சம் இல்லை. மீனும் இல்லை, முட்டையும் இல்லை. மீன் சட்டியைக்கூடக் கழுவிப் பரணில் ஏற்றிவிடுவார். நான் என்ன செய்ய? அந்தோனி அண்ணையின் மனைவி அவித்துத் தந்த சூடையைப் பிளாஸ்ரிக் பெட்டியில் போட்டு, ஸ்கூட்டர் சீற்றுக்குக் கீழே ஒளித்துக் கொண்டுவந்தேன். தினமும் மத்தியானம் ஸ்கூட்டர் கொட்டிலுக்குள் வைத்து, ஜிம்மிக்குச் சோற்றோடு பிசைந்து தீத்தினேன். மணம் தெரியாமலிருக்கக் கொட்டில் முழுக்கச் சாம்பிராணி போட்டேன். ஜிம்மி எழும்பி ஓடத் தொடங்கினான். மாமிக்கோ ஒரே புளுகமும் பெருமையும். ஸ்கூட்டருக்கே சாம்பிராணி காட்டுகிற மருமகன் யாருக்குக் கிடைப்பான் என்று அயலெல்லாம் சொல்லித் திரிந்தார்.

பத்தாம் நாள் மஞ்சத் திருவிழா. வீடு நிறையச் சொந்தக்காரர். விறாந்தையில் வாழையிலை போட்டு எல்லோரும் இருந்தோம். நான் பட்டு வேட்டி, உடம்பெல்லாம் திருநீறு. மாமி கனடாவிலிருந்து வந்த தன் தங்கைக்கு என் பக்தியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதுதான் நினைவு வந்தது: அவசரத்தில் சீற்றைப் பூட்டவில்லை.

நான் எழும்ப முதல் ஜிம்மி வந்துவிட்டான். வாயில் பெட்டி. ஆட்கள் இவ்வளவு பேர் இருக்க, வாலை ஆட்டிக்கொண்டு நேரே என்னிடம் வந்து, பெட்டியை என் மடியில் போட்டான். மூடி கழன்றது. ஆறு சூடை பட்டு வேட்டியில் வரிசையாகக் கிடந்தன.

மாமி மீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கொட்டில் பக்கம் பார்த்தார்.

"தம்பி, சாம்பிராணி இதுக்கோ?"

"ஓம் மாமி" என்றேன். வேறென்ன சொல்ல?

இலைகளை எடுத்து, விறாந்தையை மஞ்சள் தண்ணீரால் கழுவி, பதினாறு பேரும் திரும்ப முழுகி, சாப்பிட நாலு மணி ஆயிற்று. மாமி என்னை ஏசவே இல்லை. ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கடைசியில் ஜிம்மியின் தலையைத் தடவிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்:

"வாயில்லாச் சீவன் பட்டினி கிடக்கக் கூடாது. என்ரை வளவுக்கை மீனும் வரக் கூடாது. கொடி இறங்குமட்டும் இவன் தாய் வீட்டிலை நிக்கட்டும்."

அன்றே கொண்டுபோய் விட்டேன். ஏழு வருடமாக இதுதான் வழக்கம். கொடியேற்றத்துக்கு முதல் நாள் ஜிம்மி ஸ்கூட்டரில் ஏறிக் குருநகருக்குப் போய்விடுவான். திருவிழாக் காலத்தில் வீட்டைக் காக்கவென்று வாங்கிய நாய் திருவிழாக் காலத்தில் மட்டும் வீட்டில் இல்லை. நாங்கள் ஒரு பெரிய பூட்டு வாங்கியிருக்கிறோம். அதைத் தெரிவு செய்தது மாமி.

போன மாதம் வதனியின் தங்கைக்கு ஒரு சம்பந்தம் பேசி வந்தது. பெடியனின் படிப்பு, வேலை, சாதகப் பொருத்தம் எல்லாவற்றையும் நான் கொப்பியில் எழுதி வைத்து விசாரித்துக்கொண்டிருந்தேன். மாமி உள்ளேயிருந்து வந்து புரோக்கரின் முன்னால் நின்றார்.

"உதெல்லாம் இருக்கட்டும். பெடியன் என்ன சாப்பிடுவான்? முதல் அதைச் சொல்லுங்கோ."

வதனி சிரித்த சிரிப்பில் புரோக்கரின் தேத்தண்ணி சிந்திவிட்டது. நான் கொப்பியை மூடினேன்.