கும்மிடிப்பூண்டியின் நீர்மூழ்கித் தளபதி

கடலைக் கண்டால் வாந்தி எடுக்கும் ஒரே கப்பற்படைத் தளபதி, இந்த உலகத்திலேயே என் அறைத்தோழன் பெரிஸ்கோப்தான். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், நாங்கள் வேலை பார்த்த கம்பி ஆலையில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவான். மிச்ச நேரமெல்லாம் ஒரு பழைய லேப்டாப்பில் நீர்மூழ்கி விளையாட்டு; பட்டப்பெயரும் அதனால் வந்ததுதான். ஊர் ஆர்.கே.பேட்டை, அங்கே ஏரி நிரம்பினாலே அதிசயம். ஒருமுறை பழவேற்காட்டில் அவனைப் படகில் ஏற்றினோம். பத்தே நிமிடத்தில் காலையில் தின்ற நாஷ்டா முழுவதையும் கடலுக்குக் காணிக்கையாக்கிவிட்டு, "அடியில போனா ஆடாது மச்சான், மேல போறதாலதான் பேஜாரு" என்று விளக்கம் வேறு கொடுத்தான்.

காலை ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு அறைக்கு வந்ததும் போர் தொடங்கிவிடும். முதல் காரியமாக ஃபேனை நிறுத்துவான். சத்தம் போட்டால் மேலே கப்பலில் இருக்கும் எதிரிக்குக் கேட்டுவிடுமாம். வேர்த்து ஊற்றும், வாயைத் திறக்கக் கூடாது. ஒருநாள் நான் அடுப்பில் பருப்பு வைத்திருந்தேன். குக்கர் விசில் அடித்ததுதான் தாமதம், தலையில் கை வைத்துக்கொண்டு அலறினான்.

"போச்சு! கண்டுபுட்சிட்டான்! உன் பருப்பால நாப்பது பேரு செத்தானுங்க!"

அந்த நாற்பது பேருக்கும் அஞ்சலியாக அதே பருப்பில் இரண்டு தட்டுச் சோறு தின்றான்.

டார்பிடோ என்றால் நீர்மூழ்கியிலிருந்து கப்பலை நோக்கி விடும் குண்டு. அவனுடைய டார்பிடோ சாஸ்திரம் இதுதான்: கப்பல் இருக்கிற இடத்தில் அடிக்கக் கூடாது, வரப்போகிற இடத்தில் அடிக்க வேண்டும். அவன் லீவு போட்ட ஒருநாள் இதை மாடியிலிருந்து நிரூபித்தும் காட்டினான். நான் அறையிலேயே மறந்துவிட்ட சாப்பாட்டுப் பொட்டலத்துக்காக பைக்கில் திரும்பி வந்துகொண்டிருந்தேன். என் வேகத்தைக் கணக்குப் போட்டு பொட்டலத்தை வீசினான். குறுக்கே ஒரு நாய் வந்ததால் பிரேக் போட்டேன். சாம்பார் சாதம் வாசலில் நின்ற வீட்டு ஓனரின் வெள்ளைச் சட்டையில் வெடித்தது.

"நீ ஏன்டா ஸ்பீடை மாத்துன?" என்று என்னைத் திட்டினான், படுபாவி.

இப்படிப்பட்டவனை நம்பித்தான் என் கல்யாணத்தை ஒப்படைக்க வேண்டி வந்தது. திருநின்றவூரில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். எனக்கும் பிடித்துவிட்டது, அவளுக்கும் பிடித்துவிட்டது. பெண்ணின் அப்பா மட்டும், "வேலை பர்மனென்ட் ஆவட்டும் தம்பி, அப்புறம் பேசலாம்" என்று நின்றுவிட்டார். நானும் பெரிஸ்கோப்பும் ஐந்து வருடமாக கான்ட்ராக்ட். பர்மனென்ட் ஆக விண்ணப்பப் பாரத்தில் மேனேஜர் சிபாரிசுக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த மனிதரோ பேப்பரைப் பார்த்தாலே ஓடுகிற ரகம். அதிலும் சனிக்கிழமையோடு மாற்றலாகிப் போகிறார்.

பெரிஸ்கோப் மூன்று நாள் ஃபோர்க்லிஃப்டில் உட்கார்ந்தபடியே அவரை வேவு பார்த்தான். வெள்ளிக்கிழமை தீர்ப்பு வந்தது.

"பதினொரு மணிக்கு எடை மேடைக்கு நடந்து போவாரு. எதிர்ல எவனாச்சும் பேப்பரோட வந்தா, சட்டுனு லெப்ட்ல திரும்பி ஸ்டோர் ரூமுக்குள்ள பூந்துக்குவாரு. அதுக்கு ஒரே கதவு. நீ உள்ள நின்னுக்கினு இரு. பாரத்த தூரத்துல இருந்து நீட்டாத, கிட்ட வந்ததும் குறுக்கால நீட்டு."

"எதிர்ல வர்றது யாரு?"

"நான்தான். வேற எவன் வருவான்?"

சனிக்கிழமை நான் ஸ்டோர் ரூமில் கிரீஸ் டப்பாக்களுக்கு நடுவில் பாரமும் பேனாவுமாகக் காத்திருந்தேன். வெளியே பெரிஸ்கோப் ஊரைக் கூட்டும் குரலில், "சார்! சார்! என் பர்மனென்ட் பாரம் சார்!" என்று கத்துவது கேட்டது. "யோவ், உனக்கு வேற வேல இல்ல? முடியாது, போய்யா!" என்று மேனேஜர் சீறினார். அடுத்த நொடி கதவு திறந்தது. உள்ளே வந்தவர் மூக்குக்கு நேராக என் பாரம் இருந்தது. முன்னால் நான், வெளியே அவன். என்னைத் திட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

துள்ளிக் குதித்துக்கொண்டு வெளியே ஓடினேன். மேனேஜரை ஏமாற்ற ஏதோ வெற்றுத் தாளைத்தான் காட்டியிருப்பான் என்று நினைத்திருந்தேன். அவன் கையில் இருந்தது அவனுடைய நிஜ பாரம், எல்லாம் பூர்த்தி செய்து, போட்டோவும் ஒட்டி.

"டேய், உன்னுது?"

"மொத டார்பிடோ படாது மச்சான். அதப் பார்த்துத்தான் கப்பல் திரும்பும். ரெண்டாவதுதான் படும்." சொல்லிவிட்டு பாரத்தை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு ஃபோர்க்லிஃப்டில் ஏறிவிட்டான்.

புதிதாக வந்த மேனேஜர் இனி யாருக்கும் பர்மனென்ட் கிடையாது என்று சொல்லிவிட்டார். பெரிஸ்கோப் இன்னமும் கான்ட்ராக்ட்தான். எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருடமாகிறது.

ஞாயிற்றுக்கிழமை தோறும் என் வீட்டுக்கு வந்து, அந்த வாரம் மூழ்கடித்த கப்பல்களைப் பற்றி இரண்டு மணி நேரம் கழுத்தை அறுக்கிறான். "இன்னாங்க, உங்களுக்கு போரே அடிக்கலியா?" என்று என் மனைவி கேட்கிறாள். அடிக்கிறது, நன்றாகவே அடிக்கிறது. ஆனாலும் அவன் கிளம்புகிறேன் என்று எழுந்தால், "இன்னும் ஒரு கப்பலை முட்ச்சிட்டுப் போடா" என்று நான்தான் கையைப் பிடித்து உட்கார வைக்கிறேன்.