டெரன்ஸ் நடத்திய கார் விசாரணை

கார் வாங்குகிறவர்கள் உண்டு, விற்கிறவர்கள் உண்டு. இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில் நடமாடுகிறது. அதற்குப் பெயர் விசாரிப்பவர். குடை வாங்கினாலும் வீடு வாங்கினாலும் அவர் வாயில் ஒரே வாக்கியம்தான்: "எதுக்கும் ஒரு வார்த்தை விசாரிச்சுக்கலாம்." நல்ல பழக்கம்தானே என்பீர்கள். பொறுங்கள். யாரை விசாரிக்கிறார் என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். மீனைப் பற்றித் தையற்காரரிடமும், தையலைப் பற்றி மீன்காரரிடமும் கேட்கிற இனம் இது.

ஜெலுத்தோங்கில் குடியிருக்கும் டெரன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். கப்பல் சரக்கு அலுவலகத்தில் மேற்பார்வையாளர். நாற்பத்தெட்டு வயது. அதுவரை புத்தம் புதுப் பெட்ரோல் காரைத் தவிர வேறெதையும் வாங்கியறியாதவர். அவருக்குத்தான் பழைய மின்சாரக் கார் ஒன்று வாங்கவேண்டிய அவசியம் வந்தது. சரியாகச் சொன்னால் அவசியம் அவருக்கு வரவில்லை, அவர் மனைவி அன்னமேரிக்கு வந்தது. அவர் கடலுக்கு அக்கரையில், தாசேக் கெலுகோரில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. வீட்டிலிருந்த கிழட்டுக் கார் பினாங்குப் பாலத்தின் நட்ட நடுவில் இரண்டு முறை மூச்சை நிறுத்தியபின், சக ஆசிரியை ஒருவரின் காரில் ஒட்டிக்கொண்டு போய்வந்தார். அந்த ஆசிரியைக்கு மாற்றல் வந்துவிட்டது. விடுமுறை முடிந்து பள்ளி திறப்பதற்குள் கார் இல்லையென்றால், விடியுமுன் எழுந்து பேருந்து, படகு, மறுபடி பேருந்து என்று போகவேண்டியதுதான்.

கிழட்டுக் கார் முதல் முறை நின்றபோதே டெரன்ஸ் விசாரணையைத் தொடங்கியிருந்தார். எட்டு மாதம் நடந்தது. இரவில் காணொளி பார்த்தார், பகலில் கணினியில் அட்டவணை போட்டார். பதினேழு கார்கள், ஒவ்வொன்றுக்கும் இருபத்திரண்டு கட்டங்கள். பேட்டரி எவ்வளவு, தூரம் எவ்வளவு, கதவு எத்தனை முறை திறந்து மூடப்பட்டிருக்கலாம் என்பதுவரை கணக்கு. இப்படி விஞ்ஞான முறைப்படி சலித்து, முதலிடம் பிடித்த காரைப் பார்க்கப் போனவர், பத்து நிமிடத்தில் திரும்பி வந்தார்.

"என்னங்க ஆச்சு?"

"நம்பரைக் கூட்டினா எட்டு வருது மேரி."

சனி பகவானோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லாத, ஞாயிறு பூசை தவறாத மனிதருக்கு எட்டு எப்படி எதிரியானது? இருபத்திரண்டு கட்டம் போட்ட மூளை இருபத்து மூன்றாவது கட்டத்தில் ஏன் மண்டியிட்டது? அதை மட்டும் அவர் யாரிடமும் விசாரிக்கவில்லை.

இரண்டாவது கார் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. அதற்குச் சொந்தக்காரர் ஹனா. மூன்று வருடமாகத் தினமும் பாலத்தைக் கடந்து கூலிம் தொழிற்சாலை ஒன்றின் ஆய்வுக்கூடத்துக்கு அதில் போய்வந்தவர். பள்ளி திறப்பதற்கு இரண்டு நாள் முன்பு, சனிக்கிழமை காலை, அன்னமேரியையும் கூட்டிக்கொண்டு டெரன்ஸ் அங்கே போனார். துணைக்கு ஃபோர்மேன் சின்னையா. கார் பழுதுபார்ப்பவரை நம் ஊரில் அப்படித்தான் அழைக்கிறோம்; காரைக் காடி என்கிறோம். ஃபோர்மேனைக் கூட்டிப் போகாமல் பழைய கார் பார்ப்பதும், பெரியவர்கள் இல்லாமல் பெண் பார்க்கப் போவதும் இங்கே ஒன்றுதான்.

சின்னையா பானெட்டைத் திறக்கச் சொன்னார். காதை உள்ளே வைத்தார். கண்ணை மூடினார்.

"ஸ்டார்ட் பண்ணுங்கம்மா."

"பண்ணிட்டேன் அண்ணே. ஓடிக்கிட்டுத்தான் இருக்கு" என்றார் ஹனா.

சின்னையா கண்ணைத் திறந்தார், பானெட்டை மூடினார். டெரன்ஸைத் தனியே தள்ளிக்கொண்டு போனார். "தம்பி, முப்பத்தஞ்சு வருசமா காதை வச்சுப் பொழச்சவன் நான். சத்தம் போடுற காடியை நம்பலாம், எங்க வலிக்குதுன்னு அதுவே சொல்லிரும். இது வாயே திறக்க மாட்டேங்குது லா."

டெரன்ஸ் குறித்துக்கொண்டார்: 'சத்தம் இல்லை. சந்தேகம்.'

பிறகு கேள்விப் பட்டியலை எடுத்தார். ஹனாவின் பக்கத்தில் அவர் கணவர் அஸ்ஹர் நின்றிருந்தார். சூலியா தெருவில் நாணயமாற்றுக் கடை வைத்திருப்பவர். கார் விஷயமாகப் பேச ஒரு ஆண் கிடைத்த நிம்மதி டெரன்ஸின் முகத்தில் தெரிந்தது.

"தம்பி, பேட்டரி இன்னும் எவ்வளவு தாங்கும்?"

"ஹனாதான்…" என்று இழுத்தார் அஸ்ஹர்.

"தொண்ணூத்தொரு சதவீதம் இருக்கு அண்ணே. போன மாசம் டெஸ்ட் பண்ணின பேப்பர் இந்தா இருக்கு" என்று ஹனா நீட்டினார். டெரன்ஸ் தாளை வாங்கி, பார்க்காமலே அஸ்ஹரிடம் கொடுத்தார்.

"சரி தம்பி, பாலத்துல வேகமா போனா சார்ஜ் சட்டுனு இறங்குமா?"

"அண்ணே, எனக்கு மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் மட்டுந்தான். காடில ஏறினாலே தலை சுத்தும்."

வேறொருவராக இருந்தால் இங்கே கழுத்தைக் கொஞ்சம் திருப்பியிருப்பார். விசாரிப்பவர் திருப்பமாட்டார். "பரவாயில்ல தம்பி, பொதுவா சொல்லுங்க" என்றார். காரையே ஓட்டாத ஆணின் பொதுவான அபிப்பிராயம், மூன்று வருடம் ஓட்டிய பெண்ணின் அனுபவத்தைவிடக் கனமானது என்று எந்தத் தராசு இவர்களுக்குச் சொன்னது? அறிவு மீசைக்குப் பின்னால்தான் குடியிருக்கும் என்று எந்த ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்தார்கள்?

இந்த நேரத்தில் அன்னமேரி ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். ஹனா பக்கத்தில் ஏறினார். கார் சத்தமில்லாமல் நகர்ந்ததால், போனது ஆண்கள் மூவருக்கும் தெரியவில்லை.

கடற்கரைவரை ஒரு சுற்று. அன்னமேரி கேட்டது மூன்றே கேள்விகள்.

"தாசேக் கெலுகோர் போய் வர பத்துமா?"

"தாராளமாக்கா. ஒரு தடவை சார்ஜ் போட்டா மூணு நாள் ஓடும்."

"என்ன குறை இருக்கு, மறைக்காம சொல்லுங்க."

"பின்னால இடப்பக்கக் கண்ணாடி மெதுவாத்தான் இறங்கும். முன் டயர் ரெண்டும் மாத்தணும். அதுக்குச் சேர்த்துத்தான் விலையைக் குறைச்சிருக்கேன்."

"அப்புறம் ஏன் விக்கிறீங்க?"

"மூணாவது பிள்ளை பிறந்திருக்கு. மாமியாரும் வந்துட்டாங்க. ஏழு பேர் உக்கார காடி வேணும்." கொஞ்சம் தயங்கிவிட்டு ஹனா சொன்னார்: "நாளைக்குக் காலையில அலோர் ஸ்டாரிலிருந்து ஒருத்தர் வர்றாரு அக்கா. இன்னிக்கே சொல்லிட்டா நல்லது."

திரும்பி வந்தபோது டெரன்ஸ் புறப்படத் தயாராக இருந்தார். "விசாரிச்சுட்டுச் சொல்றேன் தம்பி" என்று அஸ்ஹரின் கையைக் குலுக்கினார்.

விசாரித்தார். டீக்கடையில் நான்கு பேரை, முடிவெட்டுபவரை, முன்பு மின்வாரியத்தில் ஓட்டுநராக இருந்தவரை. கடைசியாகப் பங்குச் சாமியாரை.

"ஃபாதர், மின்சாரக் காடிக்குத் தீர்த்தம் தெளிச்சா ஷாக் அடிக்குமா?"

சாமியார் திருப்பிக் கேட்டார்: "மழை பெய்யும்போது அதை வீட்டுக்குள்ள தூக்கி வச்சுக்குவீங்களா டெரன்ஸ்?"

அன்று மாலை ஆறு மணிக்கு ஒரு வழியாகத் தீர்ப்போடு வீடு திரும்பினார். வாங்கலாம் என்றவர் மூன்று பேர், வேண்டாம் என்றவர் மூன்று பேர், மழையைப் பற்றிச் சொன்னவர் ஒருவர். "மேரி, இன்னும் ரெண்டு பேரைக் கேக்கணும். அடுத்த வாரம்…"

"கேளுங்க" என்றார் அன்னமேரி. "நான் முன்பணம் கட்டிட்டேன். நாளைக்குச் சாவி தர்றாங்க. பேர் மாத்துற வரைக்கும் ஹனா பேர்லயே ஓட்டிக்கலாமாம்."

"என்னைக் கேக்காமலா?"

"ஓட்டினவங்களைக் கேட்டேன்ல."

திங்கட்கிழமை அன்னமேரி பள்ளி மணி அடிப்பதற்கு இருபது நிமிடம் முன்பே போய்ச் சேர்ந்தார். பாலத்தின் நடுவில் எதுவும் நிற்கவில்லை. வண்டியின் எண்ணைக் கூட்டினால் எட்டு வருகிறது. டெரன்ஸ் இன்னும் கூட்டிப் பார்க்கவில்லை, நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

ஒரு மாதம் கழித்து, சூலியா தெரு உணவுக்கடையில் டெரன்ஸ் அன்னமேரியோடு ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அடுத்த மேசை முஸ்தஃபாவுக்கும் மின்சாரக் கார் வாங்கும் யோசனை. டெரன்ஸ் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிக்கொண்டார். "எட்டு மாசம் விசாரிச்சு வாங்கினோம் பாய்! சும்மா இல்ல."

"தினமும் வீட்டுல சார்ஜ் போடணுமா அண்ணே?"

டெரன்ஸ் தே தாரிக்கை ஒரு வாய் உறிஞ்சினார். "இருங்க, விவரம் தெரிஞ்சவங்களைக் கேட்டுச் சொல்றேன்" என்று அஸ்ஹருக்குப் போன் போட்டார். "ஒரு நிமிசம் அண்ணே, ஹனாவைக் கேட்டுச் சொல்றேன்" என்றார் அஸ்ஹர். இப்போது அதை ஓட்டுவது அக்காதானே, அவரையே கேட்போம் என்று ஹனாவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். டெரன்ஸின் எதிரே, பருப்புக் குழம்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இருந்த கைப்பேசி மணியடித்தது.

"வேண்டாம் ஹனா, மூணு நாளைக்கு ஒரு தடவை போட்டாப் போதும்" என்றார் அன்னமேரி.

முஸ்தஃபா கேட்டுக்கொண்டார். பக்கத்து மேசைகளும் கேட்டன. டெரன்ஸ் விரலைத் தூக்கி எல்லாரையும் அமைதியாக இருக்கச் சொன்னார். அரை நிமிடத்தில் ஹனா வழியாக அஸ்ஹருக்கும், அஸ்ஹர் வழியாக அவர் காதுக்கும் பதில் வந்து சேர்ந்தது.

"மூணு நாளைக்கு ஒரு தடவை!" என்று அறிவித்தார். "பாத்தீங்களா? எதையும் விசாரிக்கிற இடத்துல விசாரிக்கணும் பாய்."

சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் வீட்டுச் சமையலறைக்கு அடுப்பு வாங்கப் போனபோது, விற்பனையாளரோடு அரை மணி நேரம் பேசியது யார், தினமும் சமைக்கிறவர் எங்கே நின்றிருந்தார் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நினைவில்லையென்றால் யாரிடமாவது விசாரித்துக்கொள்ளுங்கள். தெரிந்தவர் அநேகமாகப் பக்கத்து அறையில்தான் இருப்பார்.